ரெண்டு தடவை பொங்கிய பால்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, வைகாசி மாசக் கடைசி முகூர்த்தத்துல, மேலகரத்துல எங்க புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினோம். என் வீட்டுக்காரர் சவுதியில இருக்கார். அவர் சம்பாத்தியத்துல எழும்பின வீடு. ஆனா அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினதுல இருந்து பெயிண்ட் அடிச்சது வரைக்கும் எல்லாத்தையும் போட்டோவுலதான் பார்த்தார். லீவு தாறோம், தாறோம்னு சொல்லிக்கிட்டே இருந்த கம்பெனிக்காரங்க கடைசி வாரத்துல கையை விரிச்சிட்டாங்க. தள்ளி வைக்கலாம்னா அடுத்து ஆனி, ஆடி. வீட்ல யாரும் சம்மதிக்கல. பால் பொங்குறதை மட்டுமாவது நான் பாக்கணும்னு அவர் கேட்டார். அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

நான் வீட்ல இருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பாக்கேன். அதனால பெரிய மானிட்டரும், அதுமேல மாட்டுற கேமராவும் கைவசம் இருந்தது. என் பக்கத்து மணையில, அவர் உட்கார வேண்டிய இடத்துல, மானிட்டரைத் தூக்கி வச்சேன். மாப்பிள்ளை இன்னைக்குத்தான் அடக்கமா உட்கார்ந்திருக்கார்னு எல்லாரும் கேலி பண்ணினாங்க. அதுக்கு வயர் இழுத்து, அவருக்கு வீடியோ கால் போட்டிருந்த லேப்டாப் மட்டும் ஜன்னலுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் சேர்ல இருந்தது. பிளக் பாயிண்ட் அங்கனதான்.

ஐயர் சொன்ன மந்திரம் ஒண்ணும் என் காதுல ஏறல. நெட் நிக்குமா, கரண்ட் போயிருமான்னு அடுப்பையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பானை ஓரத்துல நுரை கட்ட ஆரம்பிச்சிட்டு. அந்த நேரம் பார்த்து மானிட்டர் இருண்டு போச்சு.

திரும்பிப் பார்த்தா, லேப்டாப் மூடிக் கிடக்கு. பக்கத்துல என் மாமனார். அந்த வருஷம் பக்கத்துக் குற்றாலத்துல சாரல் முன்னாடியே தொடங்கி, எங்க ஊர் வரைக்கும் அடிச்சது. ஜன்னலுக்குக் கண்ணாடியும் இன்னும் மாட்டல. தண்ணி தெறிக்குதேன்னு நல்ல மனசோட மூடிட்டார். மூடினா அது தூங்கிரும், கால் கட் ஆயிரும்னு அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லி வைக்காதது நான்தானே.

ஓடிப்போய்த் திறந்தேன். பாஸ்வேர்டு கேக்குது, அவசரத்துல தப்புத் தப்பா அடிக்கேன். அப்பத்தான் முதுகுக்குப் பின்னால குலவைச் சத்தம். பால் பொங்கிட்டு. மாமனார் முகம் வெளிறிப் போச்சு.

ஒரு வழியா என் வீட்டுக்காரர் முகம் மானிட்டர்ல வந்தது. வந்ததும், "எப்பா, பொங்கிட்டா?"ன்னுதான் கேட்டார்.

மாமனார்தான் கேமராவுக்கு முன்னால வந்தார். "இல்லலே. நீ வராம எப்படிலே பொங்கும்?"

ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. ஐயர் பாட்டுக்கு ஹோம குண்டத்துல நெய்யை ஊத்தினார். மாமனார் கேமராவை மறைச்சு நின்ன நேரத்துல என் நாத்தனார் பானையை மெதுவா எடுத்துட்டுப் போய், வேற பாலை ஊத்திக் கொண்டுவந்து வச்சா. அதுக்குள்ள நான் லேப்டாப்ல செட்டிங்கைத் தேடிப் பிடிச்சு, மூடினாலும் தூங்கக்கூடாதுன்னு மாத்தினேன். இப்ப மூடுங்க மாமான்னு சொன்னா, அவர் கையைப் பின்னால கட்டிக்கிட்டார். நானே மூடினேன். மானிட்டர்ல என் வீட்டுக்காரர் முகம் அப்படியே இருந்தது. அதை ரெண்டு மூணு தடவை எட்டிப் பார்த்துக்கிட்ட பிறகுதான் மாமனார் தன் துண்டை எடுத்து லேப்டாப் மேல போர்த்தினார்.

ரெண்டாவது தடவையும் பால் பொங்கினது. முதல்ல போட்டதைவிடச் சத்தமாக் குலவை போட்டாங்க. மானிட்டர்ல என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் என் போனுக்குத் தனியாக் கூப்பிட்டார். "ஏட்டி, அடுப்புக் கல்லுல முதல்லயே பால் வழிஞ்சு கிடந்துச்சே"ன்னார். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கதுக்குள்ள அவரே சொன்னார்: "அப்பா முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியும்னு அவர்ட்ட சொல்லிராத. நம்ம வீட்ல ரெண்டு தடவை பொங்கியிருக்கு, நல்லதுதானே."

மாமனாருக்கு இன்னை வரைக்கும் தெரியாது. நானும் அந்த செட்டிங்கை மாத்தவே இல்ல. லேப்டாப்பை மூடி வச்சு மானிட்டர்ல வேலை பாக்கப்போ எல்லாம், மகனுக்காக அப்பா சொன்ன பொய்யும், அப்பாவுக்காக மகன் அதை நம்பின மாதிரி இருந்ததும்தான் இந்த வீட்டைத் தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு எனக்குத் தோணும்.