யாருக்குத்தான் வராது?

நூற்பு மில்லுக்குள் யாரும் சத்தமாகப் பேசிப் பிரயோசனம் இல்லை. எந்திர இரைச்சலில் ஒருத்தி காதில் இன்னொருத்தி வாயை வைத்துச் சொன்னால்தான் உண்டு. மம்சாபுரத்திலிருந்து மில் வேனில் இராஜபாளையம் வரும் காளீஸ்வரி, பல வருஷமாக அப்படித்தான் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாவற்றையும் பக்கத்து எந்திரத்து நாகஜோதியிடம் கொட்டிவந்தாள்.

தீபாவளிக்குப் பிறகு ஏதோ மாறிப்போனது. காளீஸ்வரி பேசக் குனிந்தால் நாகஜோதி 'அப்புறம்' என்று கையைக் காட்டினாள். மற்றவர்களும் தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டினார்கள். வேனில் காளீஸ்வரிக்குப் பக்கத்து இடம் கடைசியாகத்தான் நிரம்பியது.

காளீஸ்வரி லேசுப்பட்டவள் இல்லை. கறிக்கடையில் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பவள். தன் எந்திரத்தைப் பிடுங்கி நாகஜோதியின் நாத்தனாருக்குக் கொடுக்கப்போகிறார்கள், அதனால்தான் தன்னோடு பேச்சில்லை என்று முடிவுகட்டினாள். நாகஜோதியின் முகத்துக்கு நேரே அதைக் கேட்டும்விட்டாள். அவள் இல்லை என்று சத்தியம் செய்தது சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்தது. வேலை போனாலும் போகட்டும், இவளுமா கூட்டு என்பதுதான் காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார ஆரம்பித்தாள்.

பிறகு மில்லில் பல் மருத்துவ முகாம் போட்டார்கள். வயதானவர்களைக் கழித்துக்கட்ட இது ஒரு சாக்கு என்று நினைத்தபடியே வாயைத் திறந்தாள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா என்று டாக்டர் கேட்டார்.

"வரும். யாருக்குத்தான் வராது?" என்றாள்.

யாருக்கும் வரக் கூடாது என்றார் அவர். ஈறு நோய் முற்றியிருக்கிறது, இரண்டு பல் ஆடுகிறது, வாய் வாடையும் அதனால்தான் என்றார். வலியே இல்லாமல் என்ன வியாதி, வைத்தியத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்று அவள் நினைத்தாள். மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், ஏற்கெனவே காட்டியதைச் சொல்லாமல் வாயைக் காட்டினாள். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதும் ரத்தத்தைப் பற்றித்தான். சொன்னதும் அதையேதான்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவையாக அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது.

மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் நாகஜோதியை ஓரமாக நிறுத்தினாள்.

"ஏட்டி, என் வாய் நாறுதா?"

நாகஜோதி தரையைப் பார்த்தாள். "ஆமா மதினி. ரொம்ப நாளா."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நம்பியிருப்பீகளா? மெசினப் பிடுங்கத்தான் இப்படிச் சொல்லுதேன்னு நெனச்சிருப்பீக."

காளீஸ்வரி அவமானத்தில் முகம் எரிய, டாக்டர்கள் சொன்னதை, அந்த ரத்தக் கேள்வி உட்பட, மறைக்காமல் சொன்னாள்.

எந்திரங்கள் ஓட ஆரம்பித்த பிறகு, பழக்கதோஷத்தில் நாகஜோதி பக்கம் குனியப்போனவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். நாகஜோதியே கிட்டே வந்து அவள் காதில் வாயை வைத்தாள்.

"எனக்கும் ரத்தம் வருது மதினி. எல்லாருக்கும் வர்றதுதானேன்னு இருந்துட்டேன். அடுத்த தடவ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க."

காளீஸ்வரி அதை உடனே நம்பினாள்.