மயிலைக்காளையின் சுழி

போட்டோப் படம் கழுவுகிற 'ஐப்போ' உப்பைக் கரைத்த தண்ணீரின் நெடி மூக்கில் ஏறினால் போதும், பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரும், வெயிலில் காயும் எங்கள் களமும், அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிப் படிப்பிலும் தேறாமல், வெற்றிலைக் கொடிக்காலிலும் நிற்காமல், மாட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரிந்த சித்தப்பா, எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டிக் காமிராவைக் கொண்டுவந்து, சேலத்தில் ஒரு போட்டோக் கடையில் தொழில் பழகப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அவருடைய அப்பா, எங்கள் 'அப்பாரு', சம்மதிக்கவில்லை. அப்பாருவுக்குக் கண்ணில் புரை விழுந்து ஆள் அசைவு மட்டும்தான் தெரியும்; ஆனாலும் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள், சாம்பல் நிறத்து எங்கள் மயிலைக்காளையைப் படம் பிடித்துக் காட்டட்டும், வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போகட்டும் என்றார்.

சித்தப்பா காளையின் முகத்துக்கு நேரே நின்று படம் பிடித்தார். பிலிமையும் படத்தாளையும் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துக் களத்து வெயிலில் வைத்து, பிறகு படத்தாளை அம்மாவின் பீங்கான் தட்டில் ஐப்போத் தண்ணீரில் ஊறப்போட்டு, அம்மாவிடம் நன்றாகத் திட்டும் வாங்கிக்கொண்டார். படத்தைப் பார்த்து எல்லோரும் கொம்பைப் புகழ்ந்தார்கள், கண்ணைப் புகழ்ந்தார்கள். அப்பாரு முகம் மலர்ந்துபோய்க் கடைசியாக என்னைக் கேட்டார்.

"நீ என்ன அம்முணி சொல்றே?"

தினமும் அந்தக் காளைக்குத் தண்ணீர் காட்டியவள் நான். அதன் வலக்கண்ணுக்கு மேலே முடி சுழித்திருக்கும் இடத்தைச் சொறிந்துவிட்டால்தான் அது தொட்டியில் வாய் வைக்கும். படத்திலோ அந்தச் சுழி இடக்கண்ணுக்கு மேலே இருந்தது.

"இது நம்ம மயிலை இல்லீங்க. சுழி எடது பக்கமா இருக்குதுங்க."

சுழி பார்க்காமல் எந்த மாட்டையும் கட்டுத்தறிக்குக் கொண்டுவராத ஊர் அது. அப்பாரு அந்தச் சுழியை விரலால் தடவிப் பார்த்துத்தான் மயிலையைப் பிடித்து வந்திருந்தார். சுழி இடம் மாறிய மாட்டை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டார். சித்தப்பா என்னை முறைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் சேலம் போயிருப்பாரே என்று அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அவரே என்னைக் களத்துக்குக் கூப்பிட்டார். பிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டதால் படமே இடவலம் மாறிவிட்டதாம். அதே பிலிமைச் சரியாக வைத்து வெயிலில் எடுத்த புதுப் படத்தை நீட்டினார்.

"மயிலையேதானுங்க. ஆனா படத்துல ஒரு காது நுனி வெட்டுப்பட்டுப் போச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. படம் புரண்டதையும் காது வெட்டுப்பட்டதையும் அப்பாருவிடம் அப்படியே சொன்னோம். அவர் சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"போறதுன்னாப் போ சாமி. ஆனா, இவகிட்டக் காட்டாம எந்தப் படத்தையும் வெளிய குடுக்காதே."

அப்புறம் சேலத்திலிருந்து வரும்போதெல்லாம் சித்தப்பா நாலைந்து படங்களை என் முன்னால் பரப்புவார். நான் குறை சொல்வேன், அவர் முகம் சுண்டிப்போகும்; அடுத்த தடவையும் கொண்டுவருவார்.

சரியான படத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய தப்புப் படம்தான் இப்போது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அருமையான காளை என்கிறார்கள். அது எங்கள் மயிலை இல்லை என்று நான் இன்றைக்கும் விடாமல் சொல்கிறேன். சுழி எந்தப் பக்கம் என்று கேட்க அப்பாருவும் இல்லை, புரட்டிப் போட்டு மறுபடி எடுத்துவர சித்தப்பாவும் இல்லை.