நுரைத்துப்போன ஒரு கலயம்

போன வருடம் பங்குனி மாதம் நடந்தது இது. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் தறி ஓட்டுகிறவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். குடிப்பார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குடிக்கிறவர்கள் வீட்டில் இருப்பதெல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அதற்கு முந்தின ஆவணி மாதம் ஒரு நாள் விட்டுவிட்டார். யார் சொல்லியும் இல்லை. அவராக விட்டார். லாரியையும் விட்டுவிட்டு நூல் குடோனில் மூட்டை தூக்கப் போனார்.

குடியை விட்டவர்களுக்கு இனிப்பு கேட்கும் என்பார்கள். அவருக்கும் கேட்டது. வெல்லத்தை எடுத்து வாயில் போட்டபடியே இருப்பார். டீக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை.

வீட்டுக்குப் பின்னால் குட்டை ரகத் தென்னை ஒன்று நிற்கிறது. ஏணியில் நாலு படி ஏறினால் பாளை கைக்கு எட்டும். அந்தப் பாளையிலிருந்து நீர் இறக்கிக் காய்ச்சினால் தேன் மாதிரி பாகு வரும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நீரா என்கிற அந்தப் புளிக்காத நீரை இறக்க அனுமதி வாங்கிய விவசாயிகள் குழு நடத்திய பயிற்சி. எங்கள் மரத்தையும் அவர்கள் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். ஒரு மரத்தில் வருவது விற்கக் காணாது. நான் விற்க நினைக்கவும் இல்லை. அவர் டீக்கு ஆகட்டும் என்று நினைத்தேன்.

முதல் பாளையை இறுக்கிக் கட்டவில்லை. வெடித்து விரிந்துவிட்டது. இரண்டாவதைத் தட்டும்போது ஓங்கித் தட்டிவிட்டேன். உள்ளே அழுகிப்போனது. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“ஏனுங்கக்கா, கள்ளுக்கடை எப்பத் தொறக்கறீங்க? சுண்டலுக்கு நான் கடலை ஊறப் போடோணுமல்லங்க.”

“தொறந்தா உனக்குத்தான் மொதல்ல சொல்லியுடறேன் போ” என்றேன்.

மூன்றாவது பாளைக்குத் தறியில் கழித்துப்போடும் துணி ஓரத்தை முறுக்கிக் கயிறாக்கினேன். அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாகச் சுற்றினேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற கை, கட்டு நழுவவில்லை. காலையும் மாலையும் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினேன். நாளுக்குக் கொஞ்சமாகக் கீழே வளைத்தேன். நுனியைச் சீவிவிட்டேன். பத்தாவது நாள் ஒரு சொட்டு விழுந்தது. நக்கிப் பார்த்தேன். இனித்தது.

கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீர் புளித்துக் கள்ளாகிவிடும். பயிற்சியில் புளிக்காமல் இருக்க ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். என்னிடம் சுண்ணாம்புதான்.

ஒன்று மட்டும் உறுதியாக இருந்தேன். அவரை அந்தக் கலயத்தைத் தொடவிடவில்லை. ஏணியைப் பிடிக்கக்கூட விடவில்லை. “நீங்க அக்கட்டால போங்க” என்பேன். அவர் போய்விடுவார்.

முதல் தடவை காய்ச்சிய பாகில் சுண்ணாம்பு வாடை அடித்தது. அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “செவுத்தை நக்குனாப்ல இருக்குது புள்ள” என்றார். எனக்கு ரோசமாகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து சுண்ணாம்பைக் குறைத்தேன். விரலால் லேசாக இழுத்துவிட்டதோடு சரி. இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் சீவி, கலயம் கட்டிவிட்டுப் போவேன். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடியும். எட்டரைக்கெல்லாம் இறக்கி அடுப்பில் ஏற்றிவிடுவேன். மூன்றாம் நாள் காலையில் எனக்கு மாற்றாக வருகிற பெண் வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல். முதலாளி, “மத்தியானம் வரைக்கும் ஓட்டிக் குடும்மா” என்றார். நாலு தறியை நிறுத்திவிட்டு வர முடியாது. நின்றேன்.

அவருக்கு அன்று குடோன் லீவு. வீட்டில்தான் இருந்தார். ஒரு போன் போட்டு, கலயத்தை இறக்கி வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். போன் இடுப்பிலேயே இருந்தது. இரண்டு தடவை கையில் எடுத்தேன். மறுபடி செருகிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நல்ல வெயில். வாசலுக்கு வரும்போதே வாடை வந்தது. எனக்குத் தெரியாத வாடையா? பின்னால் ஓடினேன். ஏணி மரத்தில் சாத்தியிருந்தது. பாளையில் கலயம் இல்லை. துணி துவைக்கிற கல்லின் மேல் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

உள்ளே அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நான் யோசிக்கவில்லை. “ஏழு மாசத்தையும் ஒரே மொடக்குல குடிச்சுட்டீங்களே” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. இருபது வருடத்தில் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது நின்றது.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“வாயை மோந்து பாரு” என்றார்.

நான் அசையவில்லை.

“பாரு புள்ள.”

குனிந்தேன். பீடி வாடை. டீ வாடை. வேறு எதுவும் இல்லை.

எழுந்து என்னைப் பின்னால் கூட்டிப் போனார். வாழை மரத்து அடியில் மண் நனைந்து கிடந்தது. வெள்ளையாக நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஈயும் தேனீயும் மொய்த்துக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கே நுரை பொங்கி வழிந்து சொட்ட ஆரம்பித்துவிட்டதாம். சன்னலைச் சாத்தினாராம். கதவைச் சாத்தினாராம். வாடை நிற்கவில்லையாம். வெளியே எங்கேயாவது போய்விடலாம் என்று செருப்பைப் போட்டாராம். போனால் கால் எந்தப் பக்கம் போகுமோ என்று மறுபடி கழற்றிவிட்டாராம். “அரை மணி நேரம் ஏணியைப் புடிச்சுட்டே நின்னேன்” என்றார். “அப்பறம் மூச்சைப் புடிச்சுட்டு ஏறி எடுத்து, வாழைக்கு ஊத்திட்டேன். கழுவி வெச்சுட்டு வந்து படுத்துட்டேன். வேறென்ன பண்ணச் சொல்ற?”

சுண்ணாம்பைக் குறைத்தது நான். நேரத்துக்கு வராதது நான். போன் போடாததும் நான். அவர் செய்யாத ஒன்றுக்கு அத்தனை பேச்சு பேசியதும் நான்.

அரிவாளை எடுத்தேன். பாளையை அடியோடு வெட்டி எறிந்துவிடலாம் என்று ஏணியில் கால் வைத்தேன்.

“எதுக்கு?” என்றார்.

“வேண்டாங்க. இந்தக் கருமம் இனி ஊட்டுல வேண்டாம்.”

“குடோனுக்குப் போற வழியில ரெண்டு கடை இருக்குது. தெனமும் தாண்டித்தான் போறேன், தாண்டித்தான் வாரேன். அதையும் போய் வெட்டிப் போடுவியா?” அரிவாளைக் கையிலிருந்து வாங்கினார். “மரத்தை உடு. இனிமே நீ வரலைன்னா ஒரு போன் போடு. நான் எறக்கி வெக்கறேன்.”

அதன் பிறகு தப்பை ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவினேன். இறக்கிய நீரை உடனே ஒரு கொதி விட்டு, அசையாமல் வைத்துத் தெளிய விட்டேன். அடியில் சுண்ணாம்பு படிந்ததும் மேல்நீரை மட்டும் வடித்துத் துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். பிறகு காய்ச்சினேன். வாடை குறைந்தது. முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். ஷிப்ட் முடிந்தால் முடிந்ததுதான், ஆள் வராவிட்டால் முன்னாடியே சொல்லுங்கள் என்று. அவர் முகத்தைச் சுளித்தார். நான் நகரவில்லை. சரி என்றார்.

அப்படியும் இரண்டு நாள் நிற்க வேண்டி வந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். “எறக்கியாச்சு, கொதி உட்டாச்சு” என்றார். அந்த இரண்டு நாளும் தறி முன்னால் நிற்க எனக்குக் கால் தரிக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது.

சித்திரை மாதம் ஒரு பாட்டில் நிறையப் பாகு சேர்ந்தது. பழுப்பு நிறம். நல்ல மணம். இடியாப்பம் மாதிரி சந்தவை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே பாகை விட்டுக் கொடுத்தேன். தட்டை வழித்துத் தின்றார். இன்னொரு தடவை தட்டை நீட்டினார். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன்.

அவர் விட்டது விட்டதுதான். எனக்குத்தான் இன்னும் ஒரு பழக்கம் போகவில்லை. அவர் வேலை முடிந்து உள்ளே நுழையும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் மூக்கு முந்திக்கொள்கிறது. அதை அடக்கிக்கொண்டு, “வந்துட்டீங்களா” என்று மட்டும் கேட்க நான் தினமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.