நான் சொன்ன சாட்சி

சாம்பல் நிற இரும்புப் பீரோ அது. கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டு அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரை ஒட்டி நிற்கும். கதவைத் திறந்தால் நான்கு தட்டுகள். தட்டு நிறையப் பழுப்புக் கவர்கள், துறைவாரியாக நூல் போட்டுக் கட்டியவை. அங்கே வேலை பார்த்த ஆசிரியர்கள் அத்தனை பேருடைய அசல் சான்றிதழ்களும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முதுகலைப் பட்டம் வரை, அதற்குள்தான் இருந்தன. வேலைக்குச் சேரும் நாளில் ஒரிஜினலை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது திருச்செங்கோட்டுப் பக்கம் நான் சேர்ந்த அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியின் எழுதாத சட்டம். பாதுகாப்பாக இருக்கும் என்பார்கள். பாதுகாப்பாகத்தான் இருந்தது, அதைவிட்டு நாங்கள் எங்கேயும் போக முடியாத அளவுக்கு. என் கவர் மூன்றாவது தட்டில் இடது ஓரம். அலுவலகத்துக்கு எந்த வேலையாகப் போனாலும் என் கண் முதலில் அந்தக் கதவைத்தான் தொடும்.

சூப்பிரண்டு அக்காவும் நானும் ஒரே திருச்சபை. அந்தக் கல்லூரியில் கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதால், இருபது வயது வித்தியாசத்தைத் தாண்டி எங்களுக்குள் ஓர் ஒட்டுதல் இருந்தது. அலுவலக நேரத்தில் என்னை 'மேடம்' என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அதே வாய் 'சாமி' என்று கூப்பிடும். கொஞ்சம் பருத்த உடம்பு, எப்போதும் ஒரே மாதிரியான நூல் புடவை, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து. காலையில் வந்ததும் மேசை மேல் நெற்றியைச் சாய்த்து ஒரு நிமிடம் ஜெபம் செய்வார். பிறகு அன்று வந்த தபால்களைப் பிரிப்பார். அவருடைய கணவருக்கு உடம்பு முடியாது. மகள் அதே கல்லூரியில், ஊழியர் பிள்ளை என்ற சலுகையில், கட்டணமில்லாமல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம், அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை, சென்னையில், அசல்களோடு. பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை மேஸ்திரியாக இருந்த என் அப்பா அந்தக் கடிதத்தைத் தெருவில் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார். நான் தாளாளர் அறைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அறக்கட்டளைக்கு ராசிபுரம் பக்கம் இன்னொரு கல்லூரி உண்டு. அதற்கு அங்கீகார ஆய்வு வரப்போகிறது. ஆசிரியர் எண்ணிக்கை போதவில்லை. இதுதான் விஷயம். "அதுவும் நம்ம காலேஜ்தானுங்க மேடம். ரெண்டு வருசமா அங்க வேலை பாக்கறதா ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு, வியாழக்கிழமை ஒரு நாள் போயி உக்காந்துட்டு வாங்க. அன்னிக்குச் சாயந்தரமே கவர் உங்க கையில. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானுங்க" என்றார்.

கருத்தரங்கக் கூடத்தில் அந்தக் கையெழுத்து வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருடக் கையெழுத்தை ஒரே மதியத்தில் போட வேண்டும். எல்லாம் ஒரே மையில் இருந்தால் ஆய்வுக் குழு கண்டுபிடித்துவிடும் என்று மேசையில் விதவிதமான பேனாக்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை பேனாவை மாற்றிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, என் சக ஆசிரியர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் காட்டிய படத்தில் பிசாசுக்குக் கொம்பும் வாலும் இருக்கும். வனாந்தரத்தில் பசியோடு இருக்கும் இயேசுவிடம் கல்லைக் காட்டி அப்பமாக்கச் சொல்லும். எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. தாளாளர் டீ வாங்கிக் கொடுத்த கையையும் அந்தப் படத்தையும் சேர்த்துப் பார்த்தேன். பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முடிவு செய்தபோது எனக்குள் ஒரு பெருமிதம் ஏறியதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய சோதனையை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஜெயித்தவளுக்குக் கவர் கிடைக்கவில்லை. புதன்கிழமை ஆகிவிட்டது. மதிய இடைவேளையில் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் அக்காவின் எதிரில் உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவர், பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினார்.

"வேண்டாம் சாமி. நீ கேக்காத."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலீங்களே அக்கா."

"சொல்லவே வேண்டாம். நீ கேட்டீன்னா நான் குடுத்துப்போடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இல்லைன்னு சொல்ற தெம்பு எனக்குக் கெடையாது. காலைல தலை சாய்க்கறப்ப நான் ஆண்டவர்கிட்டப் பலத்தக் கேக்கறதில்ல சாமி. அந்தப் பக்கமே என்னயக் கூட்டிட்டுப் போயிராதீங்கன்னுதான் கேக்கறேன். எம்புள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குது. அதனாலதான் சொல்றேன், கேக்காத."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் கெஞ்ச முடியாது. நாங்கள் தினமும் சொல்லும் ஜெபத்திலும் சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்கும் இடம் ஒன்று வரும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது கொஞ்சம் கோழைத்தனமாகப் படும். ஜெயிக்கப் பலம் தாரும் என்றல்லவா கேட்க வேண்டும், வராமலே இருக்க வேண்டும் என்று கேட்பது என்ன வீரம் என்று நினைப்பேன். தன் அளவு தெரிந்தவர்கள் செய்யும் ஜெபம் அது என்பதை அந்த மதியம் அக்கா என் எதிரிலேயே உட்கார்ந்து சொன்னார். எனக்குக் காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

நான் கேட்டேன். "நாலே நாள் அக்கா. திங்கக்கிழமை காலைல பெல் அடிக்கறதுக்கு முன்னால கொண்டாந்து வெச்சுப்போடறேன். யாருக்கும் தெரியாது. அது என்னோடதுதானுங்க அக்கா." கடைசியில் சொன்னதுதான் என் பெரிய ஆயுதம். என் பொருளைத்தானே கேட்கிறேன், இதில் என்ன பாவம். பசித்தவனுக்கு அப்பமும் பாவமில்லைதான். சோதனை என்றால் விலக்கப்பட்ட பழத்தைத்தான் நீட்டும் என்று நம்புகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது பெரும்பாலும் நமக்கு உரிமையானதையே, நியாயமானதையே, சற்றுக் குறுக்கு வழியில் நீட்டுகிறது. அக்கா எழுந்து போய்க் கை கழுவினார். கவரில் ஈரம் படக்கூடாது என்று முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பீரோவைத் திறந்து, தேடாமலே, மூன்றாவது தட்டின் ஓரத்திலிருந்து உருவிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. சனிக்கிழமை ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சபையின் முன்னால் எழுந்து சொல்வது எங்கள் வழக்கம்; காய்ச்சல் விட்டது, குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது என்று யாராவது சொல்வார்கள், சபை ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொல்லும். ஆயர் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். என் கைப்பைக்குள் அந்தக் கவர் இருந்தது. பொய் சொன்னால் சான்றிதழ் தருகிறேன் என்று எனக்கு ஒரு சோதனை வந்தது, நான் மறுத்தேன், மனிதர்கள் அடைத்த கதவைக் கர்த்தர் ஒரு சகோதரியின் கையால் திறந்தார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. அதை நினைத்து என் சாமர்த்தியத்தை வேறு மெச்சிக்கொண்டேன். ஸ்தோத்திரம் என்ற சத்தத்தில் கோயில் அதிர்ந்தது. பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தார். மனமுருகி ஜெபிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மனிதருக்குத் தன் நினைப்பில் இருக்கும்போது மற்றவர்களின் குனிந்த தலை எல்லாமே பக்தியாகத் தெரியும் போலிருக்கிறது.

எங்கள் விடுதிக் காப்பாளரும் அந்தச் சபைதான். நல்ல மனுஷி, துளிக்கூட வஞ்சகம் கிடையாது. என் சாட்சியைக் கேட்டுப் பூரித்துப்போய், திங்கட்கிழமை காலை கல்லூரிக்கு வந்ததும் வராததுமாக எங்கள் மேடத்துக்கு ஆண்டவர் எப்படி வழி திறந்தார் பாருங்கள் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். சுவிசேஷம் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. நான் பெல் அடிப்பதற்கு முன்பே போய்விட்டேன். ஆனால் எனக்கு முன்பே தாளாளர் வந்திருந்தார். பீரோ திறந்து கிடந்தது. ஒருவர் பட்டியலைப் படிக்க இன்னொருவர் கவர்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா தன் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மேடம் வந்து கேட்டாங்களா, நீங்களா குடுத்தீங்களா?" என்று தாளாளர் கேட்டது வாசலில் நின்ற எனக்குக் காதில் விழுந்தது.

"அவிங்க கேக்கலீங்க சார். நானாத்தான் குடுத்தேன்."

நான் உள்ளே போயிருக்க வேண்டும். கேட்டது நான்தான் என்று இரண்டே வார்த்தை. ஆனால் பணி ஆணை இன்னும் வரவில்லை; இப்போது உள்ளே போனால் கவர் மறுபடியும் அந்தத் தட்டுக்குப் போய்விடும், பிறகு அது வெளியே வராது. கைப்பையை விலா எலும்போடு அழுத்திப் பிடித்தபடி நின்றேன். என்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. யாரும் டீ வாங்கித் தரவில்லை, பேனா நீட்டவில்லை. சும்மா இருந்தாலே போதும் என்றிருந்தது, இருந்துவிட்டேன். திரும்பி நடந்து முதல் மணி வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் தேதி எழுதினேன். மத்தியானம் அலுவலகத்தில் அந்த மேசை காலியாக இருந்தது.

மறுநாளிலிருந்து நான் அந்தக் கல்லூரிக்குப் போகவில்லை. அடுத்த மாதம் எனக்கு ஆணை வந்தது. அக்காவின் வேலை போனதோடு மகளின் சலுகையும் போனது. கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு மூன்றாம் ஆண்டோடு நின்றது. குடும்பம் ஆத்தூருக்குப் போய்விட்டதாகக் கோயிலில் பேசிக்கொண்டார்கள். எட்டு வருடமாக நான் அரசு ஊழியர். நிரந்தர வேலை, சொந்த வீடு, பள்ளிபாளையத்தில் அப்பாவுக்குத் தலை நிமிர்ந்த நடை. ஒரு நாள் ராஜினாமா எழுதிப் பார்த்தேன். அதனால் அவர்களுக்கு ஒன்றும் திரும்பி வராது, என் மனசுக்குக் கொஞ்சம் சௌகரியம் கிடைக்கும், அவ்வளவுதான் என்று தெரிந்ததும் கிழித்துப் போட்டேன். இந்த வேலைக்குள் இருக்கவும் முடியவில்லை, வெளியே போனாலும் பயனில்லை. ஞாயிறுதோறும் அந்த ஜெபம் வரும். சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்று சபை கேட்கும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். சோதனைக்காரனுக்கு என்ன முகம் இருக்கும் என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. ஒரு புதன்கிழமை மதியம் அவனுக்கு என் முகம்தான் இருந்தது. சோதனைக்கு உள்ளாகிறவர்களுக்காக ஜெபம் உண்டு. இன்னொருவருக்குச் சோதனையாகப் போய் உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஜெபம் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

போன மாதம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது பூட்டியிருந்தது. அக்கா கணவரோடு சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகவும், மகள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து இ-சேவை மையத்தில் இருப்பாள் என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனேன். அவள் ஒரு பெண்மணியின் சாதிச் சான்றிதழை ஓரங்களில் மட்டும் பிடித்து ஸ்கேனரில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் திக்கித் திணறி, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன், நீயாவது மறுபடி படிப்பதாக இருந்தால் நான் செய்கிறேன் என்றேன்.

"என்ற ப்ளஸ் டூ மார்க் சீட்டு, காலேஜ்ல சேரறப்ப வாங்கி வெச்சது, இன்னும் அந்தப் பீரோலதானுங்க இருக்குது" என்றாள், கோபமே இல்லாமல். "எங்கம்மா உங்களுக்காகத் தெனமும் ஜெபம் பண்ணுதுங்க. நான் பண்றதில்லீங்க."

அவள் சான்றிதழை எடுத்து அந்தப் பெண்மணியிடம் பத்திரமாகக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க சாட்சி சொன்னப்ப நானும் கோயில்லதான் இருந்தேனுங்க. யாரோ நல்லவங்க குடுத்திருக்காங்கன்னு நெனச்சு, எல்லாரவிடச் சத்தமா நான்தானுங்க ஸ்தோத்திரம் சொன்னேன்."