ஆறு குட்டிகளும் அப்பாவும்

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன வருடம் எனக்கு எட்டு வயது. இறங்குதுறைக்குச் சாமான் ஏற்றிப் போன லொறி ஒன்றில் அடிபட்டு எங்கள் நாய் செத்தது. குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கிய மூலையில், அது போட்ட ஆறு குட்டிகள் கிடந்தன. பிறந்து ஆறே நாள். ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை.

அம்மாவின் தம்பியான என் மாமா அன்று மத்தியானமே ஒரு சாக்கோடு வந்துவிட்டார்.

"அத்தான், தாயில்லாமல் இதுகள் தப்பாது. கிடந்து துடிக்கிறதைப் பாக்க ஏலாது. கடற்கரையில கொண்டுபோய் விடுறன்."

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். துறைமுகப் பட்டறையில் மெஷின் பழுது பார்க்கும் அப்பா அந்த நேரத்தில் வீட்டில் நின்றது என் அதிர்ஷ்டம். அவர் மாமாவின் கையிலிருந்து சாக்கை வாங்கி உதறிப் பார்த்தார். "நல்ல சாக்கு. குட்டியளுக்கு விரிக்கலாம்" என்றார்.

மறுநாளும் அப்பா வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. குட்டிகளுக்காகத்தான் நிற்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

பேனாவுக்கு மை விடும் குழாயைச் சுடுதண்ணீரில் கழுவி, அதன் நுனியில் சைக்கிள் வால்வு ரப்பரை மாட்டினார் அப்பா. பால் புகட்டும் கருவி தயார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவருடைய ஆட்டின் பால் கிடைத்தது. குட்டியை மல்லாத்தினால் புரைக்கேறும் என்பதால் குப்புறப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு.

இரண்டாம் நாள் குட்டிகள் பாலுக்கு வாய் திறக்க மறுத்தன. வயிறுகள் பந்துபோல ஊதியிருந்தன, தொட்டால் குட்டிகள் வீரிட்டன. கழற்றிப் பூட்டத் தெரியாத மெஷினைப் பார்ப்பதுபோல அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நாயைத் தொடாத ராத்தா வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்.

"அண்ணன், அதுகள் மூத்திரம் பெய்யுதா?"

அதை நாங்கள் இருவரும் கவனித்திருக்கவில்லை.

"தாய் நக்கி விட்டாத்தான் போகும். பூனை செய்யிறதைக் கண்டதில்லையா? பஞ்சைச் சுடுதண்ணியில நனைச்சு அடிவயித்தைத் தடவி விடுங்க."

அப்பா ஆகச் சின்னக் குட்டியை மடியில் வைத்துத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குட்டியின் முனகல்கூட நின்றுவிட்டது. சட்டென்று அப்பா இடுப்பில் உடுத்திருந்த சாரம் நனைந்தது.

"போகுது! போகுது!" என்று நான் குதித்தேன். அப்பா அசையாமல் இருந்தபடியே, அடுத்ததைத் தா என்று கையை நீட்டினார். ஆறாவது குட்டி முடிந்தபோது அந்தச் சாரத்தில் காய்ந்த இடம் இருக்கவில்லை. வேலிக்கு அப்பால் ராத்தா கைதட்டினார். நாய் என்றாலே முகம் சுளிக்கும் அம்மாகூடக் கதவு நிலையில் சாய்ந்து நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு எங்களை யாராலும் தடுக்க முடியவில்லை. கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வயிற்றால் ஊர்ந்தவை தள்ளாடி எழும்பின. ஒரு மாதம் ஆகப்போன நாலாம் கிழமை சூடை மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்தோம். ஆறும் தட்டுக்குள் ஏறி நின்றே தின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை!

பார்க்க வந்த மாமாவின் செருப்பை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடியது. "எனக்கும் ஒண்டு தாங்கோ அத்தான்" என்றார் மாமா.

"சாக்குக் கொண்டு வந்தனீரோ?" என்று அப்பா கேட்டார்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பித் தகப்பனின் தொழிலைக் கேட்டு எழுதினார். என் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "என்ர அப்பா நாய்க்குட்டி வளர்க்கிறார். ஆறையும் தப்ப வைச்சிட்டார்."

வகுப்பே சிரித்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். ரீச்சர் மட்டும் சிரிக்காமல், ஒன்றும் எழுதாமல், "இரும் பிள்ளை" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். பட்டறையை மூடி அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுப்பு மூட்டாத அந்த நேரத்தில் அம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று நான் யோசிக்கவில்லை. சின்னக் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ரீச்சருக்குச் சொன்னதை அதற்கும் ஒருதரம் உரக்கச் சொல்லிக் காட்டினேன்.