எனக்குக் கிடைத்த இடது பக்கம்

இரும்புலியூர் தாண்டியபோது உச்சி வெயில். மஞ்சள் பையில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஒரு துண்டு. மாத்திரைகளை மருத்துவமனைத் தலையணைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நர்ஸிடம் சொல்லவில்லை. வாசல் காவலாளியிடம் பீடி வாங்கப் போவதாகச் சொன்னேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் பொத்தேரி. அங்கே கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் அங்கே இருந்தார். கேட்டால் வேலை கொடுப்பார்.

இப்படிப் போவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதன்பின் லாரி கிளீனர், பம்மலில் தோல் தொழிற்சாலை, பல்லாவரம் பக்கம் கல்குவாரி. எங்கேயும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்கென்று இருந்தது அந்தப் பை மட்டும்தான்.

நோய் குவாரியில்தான் தெரிந்தது. இரண்டு மாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். ஒருநாள் இருமித் துப்பியபோது வெள்ளைக் கல்தூள் மேல் சிவப்பாக விழுந்தது. பல்லில் ரத்தம் என்று குவாரி மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுநாளே வேலை இல்லை என்றார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஓட்டை தெரிந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி. காசநோய் என்று எழுதி, தாம்பரத்தில் படுக்கை கொடுத்தார்கள்.

எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தினமும் ஒன்று, கூடவே மாத்திரைகள். ஊசி போட்ட இடுப்பு கட்டையாக இறுகும். அதைத் தவிர அங்கே எனக்குக் குறையில்லை. மூன்று வேளை சாப்பாடு, முட்டை, பால். மழைக்கு ஒழுகாத கூரை. பல வருடங்களாக எனக்கு வாய்க்காத வாழ்க்கை அது.

பக்கத்துக் கட்டிலில் பெஞ்சமின் அண்ணன். ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், ஐம்பத்தைந்து வயது. வளைகுடாவில் இருந்த தம்பி கொடுத்த வாக்மேன் (இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன கேசட் கருவி) அவரிடம் இருந்தது. மத்தியானம் ஒன்று முதல் மூன்று வரை வார்டில் ஓய்வு நேரம், யாரும் பேசக்கூடாது. அப்போதுதான் அவர் அதை எடுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். முகம் என்னென்னவோ ஆகும்.

அந்த முகம்தான் எனக்கு முதலில் எரிச்சல் தந்தது. நானும் அதே நோயில் அதே வார்டில்தான் படுத்திருந்தேன். இவர் மட்டும் இரண்டு மணி நேரம் வேறெங்கோ போய்விட்டு வருகிறார். நான் முறைத்துப் பார்த்ததைக் கண்டிருக்க வேண்டும். ஒருநாள் தன் கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"வா, காதக் கொடு."

தலையில் மாட்டும் கம்பியின் இரு முனையிலும் காதில் வைக்கும் பஞ்சு உண்டு. கம்பியை முறுக்கி, இடது பஞ்சை என் காதில் வைத்தார். வலதைத் தனக்கு வைத்துக்கொண்டார். வயலின் கேட்டது. காத்திருந்தேன்.

"பாட்றவன் எப்ப வருவான்ணா?"

"வரமாட்டான். இதுல வாயத் தொறக்கறவனே கெடையாது."

"அப்ப இன்னாத்தக் கேக்கறது?"

"கேட்டுட்டுச் சொல்லு."

நாலு பேர், நாலும் நரம்பு வாத்தியம் என்றார். வெள்ளைக்காரர் சங்கீதம். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு மேலதிகாரி வீட்டில் கேட்டுப் பிடித்துப்போனதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டீக்கடை ரேடியோவும் சாவு மேளமும்தான். முதல் வாரம் அது பூனை அழுவது போல இருந்தது. இரண்டாவது வாரம், ஒரு பூனை சொன்னதை இன்னொன்று திருப்பிச் சொல்கிறது என்று புரிந்தது. அதன்பின் மத்தியானத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருவனுக்கு இப்படி ஒன்று புதிதாக வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முப்பது வருடமாக இவர் இதை வைத்திருந்திருக்கிறார். அந்த முப்பது வருடமும் நான் கல் உடைத்துக்கொண்டும் லாரி கழுவிக்கொண்டும் இருந்தேன். அதை நினைத்தால் வயிறு எரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இசை ஓடும்போதே என் பக்கம் சாய்ந்து, "மேல என்ன நடக்குது?" என்று மெதுவாகக் கேட்பார். மெல்லிய உச்சக் குரல்களைத்தான் அவர் 'மேல' என்பார்.

"ஏறுதுண்ணா. ஏணில போறாப்ல."

"அப்புறம்?"

"ரெண்டும் சண்ட போட்டுகினு கீதுங்க. இப்ப ஒண்ணு அழுவுது."

ஆறாம் வகுப்பு வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பது போல இருக்கும் எனக்கு. தெரிந்துகொண்டே சோதிக்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் பதில் சொன்னேன். சொல்லாவிட்டால் பஞ்சைப் பிடுங்கிக்கொள்வாரோ என்ற பயம்.

ஒருநாள் அவரை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வாக்மேன் கட்டிலில் கிடந்தது. எடுத்து முதல்முறையாக இரண்டு காதிலும் மாட்டினேன். தெரிந்த வயலின்கள் இடது பக்கம் தொடங்கின. வலது பக்கத்திலிருந்து நான் கேட்டேயிராத ஒரு குரல் வந்தது. தடித்த, மெதுவான அடிக்குரல். கல்லைப் புரட்டிப்போடும்போது மண் இளகுமே, அதுபோல. நெஞ்சுக்குள், ஓட்டை விழுந்த இடத்துக்கு நேராக, அது அதிர்ந்தது.

அழவில்லை. கோபம்தான் வந்தது. கருவியில் வலதில் ஒன்றும் இடதில் வேறொன்றும் வரும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் இருவரும் ஒன்றையே கேட்டதாக நினைத்திருந்தேன். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை எனக்குத் தந்திருக்கிறார். கருவியை இருந்தபடியே வைத்துவிட்டேன். அவர் வந்ததும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் இடதும் போய்விடும்.

அதன்பின் எல்லாவற்றையும் ஒப்பிட ஆரம்பித்தேன். அவரைப் பார்க்க மனைவி ஸ்டெல்லா அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். எனக்கு யாரும் வருவதில்லை. எனக்குத் தினமும் ஊசி, அவருக்கு மாத்திரை மட்டும். ரயில்வேக்காரர், செல்வாக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் காதுக்குள் ஒரு சீறல் வந்தது. டீக்கடையில் பம்ப் ஸ்டவ்வை அணைக்க மறந்தது போல, விடாமல். ஸ்ட்ரெப்டோமைசின் சிலருக்குக் காதின் உள்நரம்பைக் கெடுக்கும், முதலில் போவது உச்சத்தில் உள்ள மெல்லிய சத்தங்கள். இதற்காகத்தான் நர்ஸ் வாரா வாரம் என்னைக் கேட்டார். காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா என்று. நான் இல்லை என்றேன். நான்கு வாரம் இல்லை என்றேன். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தால், கேட்கிற வேறொருவனை அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அதுதான் காரணம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த ஊசியில் இருந்தால், இரைச்சல் வந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். என்னைப் போல வீம்பு வேண்டாம்.

வயலின் நூல் போல மெலிந்தது. பிறகு சில இடங்களில் நூலும் அறுந்தது. "மேல என்ன நடக்குது?" என்று கேட்டபோது பழைய ஞாபகத்தில் சொல்லிச் சமாளித்தேன். ஞாபகம் தவறிய இடத்தில் இட்டுக்கட்டினேன்.

"ஏறுதுண்ணா."

அவர் கேசட்டை நிறுத்தினார். "அந்த எடத்துல ஏறாது ஏழுமலை. எறங்கும்."

மறுநாள் காலை டாக்டர் நேராக என் கட்டிலுக்கு வந்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதருகே பிடித்தார். டிக் சத்தம் கேட்கிறதா என்றார். வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை.

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான் சார்."

"பொய். நுரையீரலக் காப்பாத்தக் காதக் குடுத்துட்டிருக்க நீ. சொல்லியிருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்."

ஊசியை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். போன சத்தம் திரும்பாது, மிச்சம் நிற்கும் என்றார். மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி எந்த மருந்துக்கும் அடங்காது, அப்புறம் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். காட்டிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் ஓய்வு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு குளித்துவிட்டு வந்தேன். என் இடத்தில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். கோவளத்துப் பக்கம் மீன் பிடிப்பவன், புதிதாக வந்தவன். இடது பஞ்சு அவன் காதில்.

"அய்ய, வல இழுக்கறாப்ல கீதே இது," என்றான்.

பெஞ்சமின் அண்ணன் சிரித்தார். என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. பையை எடுத்தேன்.

இப்படித்தான் நான் இரும்புலியூரைத் தாண்டினேன். நுரையீரல் நாலு மாதம் சோறு தின்ற நுரையீரல் என்றாலும், பெருங்களத்தூர் வருவதற்குள் மூச்சு இளைத்தது. பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்தேன். அங்கே ஸ்டெல்லா அக்கா தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். அவர்கள் வீடு அங்கேதான் என்பதை நான் மறந்திருந்தேன்.

"ஏழுமலையா? டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா?"

"நானே பண்ணிக்கினேன்."

அவர் என் பையைப் பார்த்தார். மாத்திரை எங்கே என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "உங்க வூட்டுக்காரருக்கு இன்னாக்கா, ஊசியும் இல்ல, ரெண்டு காதும் கிண்ணுனு கீது. பேஜாரு எல்லாம் நமக்குத்தான்."

"ரெண்டு காதா? யார் சொன்னது ஒனக்கு?" என்றார். "எடது காது செத்துப் பதினோரு வருஷம் ஆவுது. பட்டறையில ஆணி அடிக்கிற சத்தத்துலயே போனது. மிச்சம் ஒண்ணுதான் இருக்குன்னுதான் டாக்டரு அவருக்கு ஊசியே வேணாம்னாரு."

நான் எழுந்து நின்றேன்.

"வீட்ல ஒரு பஞ்ச வெச்சு ஒரு பக்கத்தக் கேட்டுட்டு, கம்பியத் திருப்பி மாட்டி மறு பக்கத்தக் கேப்பாரு. ஒண்ணா கேக்க முடியாதில்ல. நீ பக்கத்துல ஒக்காந்து சொல்றப்ப ரெண்டும் சேந்து கேக்குதுன்னு போன வாரம் கூடச் சொன்னாரு. மொதமொதல்ல கேக்கறவனுக்கு மேல் பக்கம்தான் பிடிபடும், அதான் எடதக் குடுத்தேன்னாரு. ஒங்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவர். என்னை எப்போதும் தன் வலப்புறத்திலேயே உட்காரவைத்தார், நான் பேசினால் அந்தப் பக்கமே சாய்ந்தார். நாலு மாதம் பக்கத்திலிருந்தும் நான் ஏன் என்று யோசித்ததில்லை. எனக்கு என்ன கிடைக்கவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்தது. அக்காவின் கையிலிருந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு ஏறினேன். மனம் திருந்தி ஏறியதாக எழுதினால் அது பொய். இந்நேரம் கன்னியப்பன் அவருக்கு மேல் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பான் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. என் உயிரைத் திருப்பி அழைத்துப் போனது அந்தப் பொறாமைதான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"எங்க போன?" என்றார் அண்ணன், வார்டுக்குள் நுழைந்த என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்து.

"டீ குடிக்க."

"பெருங்களத்தூருக்கா?"

கன்னியப்பன் தன் கட்டிலுக்குப் போயிருந்தான். நான் அண்ணனின் வலப்புறம் உட்கார்ந்து கையை நீட்டினேன். "எனக்கு இனிமே அந்தப் பக்கம்."

அவர் வலது பஞ்சை என் காதில் வைத்தார். இடதைத் தன் நல்ல காதில் வைத்துக்கொண்டார். அந்த அடிக்குரல் முழுசாக, ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. மேலே என்ன நடக்கிறது என்று இந்தமுறை நான் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். என்னைவிட நன்றாகச் சொன்னார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் திட்டிவிட்டு, சளியில் கிருமி இல்லை, இனிப் படுக்கை தேவையில்லை என்றார். இன்னும் பதினாலு மாதம் மாத்திரை. வாரம் ஒருமுறை நேரில் வந்து வாங்க வேண்டும். "ஒன்ன மாதிரி ஊர் சுத்தறவங்க ரெண்டாவது மாசமே காணாம போயிடுவாங்க," என்றார். பதினாலு மாதம் என்பது நான் எந்த வேலையிலும் தாங்காத காலம்.

மறுநாள் காலை, மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ரயில் நிலையத்தின் சைக்கிள் ஸ்டாண்டில் ஆள் கேட்டார்கள் என்று போனேன். கல் இல்லை, தூசி இல்லை. நம்பர் போட்ட தகர வில்லையைக் கொடுத்து வண்டியை வரிசையில் நிறுத்த வேண்டும். முதலாளி அரை மணி நேரம் நான் வேலை செய்வதைப் பார்ப்பதாகச் சொன்னார். எட்டு மணிக் கூட்டத்தில் ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று சைக்கிள் மணியை அடித்திருக்கிறார். முதலாளி கத்திய பிறகுதான் திரும்பினேன். அந்த ஆளின் கட்டைவிரல் இன்னும் மணியின் மேல் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் எனக்கு வரவில்லை. பிளாட்பாரத்தில் ரயில் நுழைவது மட்டும் உள்ளங்காலில் தெரிந்தது.

"காது கேக்காதாய்யா ஒனக்கு?"

"பாதி கேக்கும் சார்."

அவர் என் தோளைப் பிடித்து, முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி, ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். "வர்றவங்க மொகத்தப் பாத்து நில்லு. அது போதும்," என்றார். வந்தவர் வண்டியை என்னிடம் கொடுத்தார். நான் வில்லையைக் கொடுத்தேன்.