பன்னிரண்டாம் இலக்க வீட்டை விசாரிக்கப் போனேன்

திங்கட்கிழமை, காலை 5.20. பேர்லின் நொய்கெல்னில் எங்கள் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். நான் சமையல் வேலை செய்யும் உணவகம் திங்கட்கிழமை பூட்டு. செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு மறுபடி அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அதற்குள் கேல் என்ற ஊருக்குப் போய், ஒரு வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஏறக்குறைய எழுநூற்றைம்பது கிலோமீற்றர். ரயில் ரிக்கற் போகும்போது 49 யூரோ 90 சதம், வரும்போது 57 யூரோ.

ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் சாருஜாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். மாணவர் பரிமாற்றம் என்று எட்டு வாரம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு இருக்க அனுப்பினார்கள். அந்த வீட்டு மகள் கிளேர், வசந்த காலத்தில் எங்கள் வீட்டில் எட்டு வாரம் இருப்பாள். சாருஜா போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

முதல் சந்தேகம் விலாசத்தில் தொடங்கியது. பிரெஞ்சுக் குடும்பம், ஆனால் வீடு ஜேர்மனியில். ரைன் நதிக்கு இந்தப் பக்கம் வாடகை குறைவு, அதனால் பல பிரெஞ்சுக்காரர் கேலில் குடியிருக்கிறார்கள், பிள்ளைகள் ட்ராமில் ஆற்றைக் கடந்து ஸ்ட்ராஸ்பூர்க் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று ஆசிரியை சொன்னார். எனக்குத் திருப்தியில்லை. மனைவிக்கு அதைவிட இல்லை.

இரண்டாவது சந்தேகம் நான் புறப்பட எட்டு நாளைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் ரெலிபோனில், "ஜூலியன் என்ர சைக்கிளுக்குக் காத்தடிச்சுத் தந்தவன்" என்றாள். பள்ளிக்கூடம் தந்த படிவத்தில் அந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேர்தான்.

"ஆர் ஜூலியன்?"

"கிளேருக்கு அண்ணா மாதிரி, அப்பா."

"மாதிரி எண்டால்?"

"ட்ராம் வந்திட்டுது, பிறகு கதைக்கிறன்."

பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அண்ணன் என்றால் அண்ணன். அண்ணன் மாதிரி என்றால் என்ன? மனைவி அந்த வாரம் முழுக்க இதையே கேட்டாள். கடைசியில் அவள்தான் ரிக்கற் எடுக்கச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நேரே வீட்டுக்குப் போய் நிக்காதேங்கோ. முதல்ல அக்கம்பக்கத்தில விசாரியுங்கோ. ஆர், என்ன எண்டு உங்களைச் சொல்லாதேங்கோ. சொன்னால் உண்மை வராது."

கலியாணப் பேச்சு வந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். என்னைப் பற்றி மாமனார் எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்துபவரிடம் விசாரித்தார். தான் யாரென்று சொல்லாமல் இரண்டு தரம் ரியூப்பு ஒட்டுவித்தாராம். அந்த வழிதான் எனக்கும் தெரியும்.

காலை 10.45. பிராங்பேர்ட்டில் என் பக்கத்து இருக்கைக்கு முப்பது வயதளவில் ஒரு பெண் வந்தார். நான் மனைவியோடு ரெலிபோனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா அங்கிள்?" என்றார். கோயம்புத்தூர்க்காரர், டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். தெரியாதவர்களோடு நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர் கேட்கக் கேட்க எல்லாம் வந்துவிட்டது.

"அங்கிள், நீங்க என்ன மாப்பிள்ளை வீடா பாக்கப் போறீங்க?" என்று சிரித்தார். "டைரக்டா அந்த மதருக்கு ஒரு கால் பண்ணி, யாருங்க அந்தப் பையன்னு கேட்டுடுங்க. சிம்பிள்."

"கேட்டால் உண்மையைச் சொல்லுவினமோ?"

"பக்கத்து வீட்டுக்காரங்க மட்டும் சொல்லுவாங்களா?"

கார்ல்ஸ்ரூவில் இறங்கும்போது, "ஆல் த பெஸ்ட் அங்கிள். போலீஸ்ல மாட்டிக்காதீங்க" என்றார். அப்போது அது பகிடி என்று நினைத்தேன்.

பகல் 1.05. கேல். ஒப்பன்பேர்க்கில் மாறி, சின்ன ரயிலில் இருபது நிமிடம். நிலையத்துக்கு வெளியே இறங்கியதும் காதில் விழுந்த முதல் மொழி பிரெஞ்சு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகையிலை வாங்க வருகிறார்களாம். ஒரே தெருவில் ஒன்பது புகையிலைக் கடை எண்ணினேன். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ட்ராம் பாலத்தைத் தாண்டி ஊருக்கு நடுவே வந்து நிற்கிறது. அன்று பொலிஸார் இரண்டு பேர் அதற்குள் ஏறிச் சிலரிடம் பாஸ்போர்ட் கேட்டார்கள். நான் ட்ராமில் இல்லை, தெருவில்தான் நின்றேன். இருந்தும் கை சட்டைப் பைக்குப் போனது.

2.15. அந்தத் தெரு நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. இரண்டு மாடி வீடுகள், முன்னால் சிறு தோட்டங்கள். பன்னிரண்டாம் இலக்க வீட்டின் யன்னல் மறைப்புகள் எல்லாம் இறக்கிவிடப்பட்டிருந்தன. பட்டப்பகலில் ஏன் இறக்கி வைத்திருக்கிறார்கள்? தெரு முனையில் ஒரு பேக்கரி இருந்தது. 2 யூரோ 80 சதத்துக்கு ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு, கடைக்காரப் பெண்ணிடம் என் சமையலறை ஜேர்மனில் கேட்டேன்.

"பன்னிரண்டாம் இலக்கத்துப் பிரெஞ்சுக்காரர் எப்படி? நல்ல ஆட்களா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"சும்மா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாண் வாங்குவார்கள். ஒரு வாரம் இரண்டு, அடுத்த வாரம் நான்கு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் பார்சல் கொண்டுவந்தவரா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒரு வாரம் இரண்டு, அடுத்த வாரம் நான்கு. மூன்று பேர் உள்ள வீட்டில் அப்படி எப்படி ஏறி இறங்கும்?

3.00. பன்னிரண்டாம் இலக்கத்துக்கு எதிரில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். எதிர்வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது வாரத்தைப் பொறுத்தது" என்றார். "திங்கட்கிழமை சில பேர் பையோடு வருவார்கள். அடுத்த திங்கள் பையோடு போய்விடுவார்கள்."

"எப்படிப்பட்டவர்கள்?"

"இளம் ஆட்கள்."

வாரத்துக்கு ஒரு முறை இளம் ஆட்கள் வந்து போகும் வீடு. அங்கே என் பிள்ளை.

"கறுப்பு முடியோடு ஒரு புதுப் பெண் இருக்கிறாள் அல்லவா? அவள் எத்தனை மணிக்கு வருவாள்?"

அவர் கூட்டுவதை நிறுத்தினார். துடைப்பத்தை மதிலில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திரைச்சீலை விலகியது. நான் கும்பிடு போடாத குறையாகத் தலையை ஆட்டிவிட்டு, அறுபது மீற்றர் தள்ளியிருந்த சிறுவர் பூங்காவின் மர வாங்கில் போய் உட்கார்ந்தேன்.

4.10. மகள் ரெலிபோனில் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை.

"அப்பா, வீட்டிலயோ?"

"ம்... என்னம்மா?"

"ஒண்டுமில்லை. பயப்பிடாதேங்கோ. இஞ்ச ஒரு ஆள் எங்கட வீட்டைப் பற்றி விசாரிச்சுக்கொண்டு திரியுதாம். முன்வீட்டுத் தாத்தா ஒடிலுக்குப் போன் பண்ணிச் சொன்னவர்." ஒடில் என்பது கிளேரின் அம்மா. "நான் எத்தனை மணிக்கு வருவன் எண்டும் கேட்டதாம். ஒடில் எங்களை ஸ்கூலை விட்டு வெளிக்கிட வேண்டாமெண்டு சொல்லிட்டா."

"என்ன மாதிரி ஆள்?"

"நீல ஜக்கெற், மொட்டை, பெரிய பை. அப்பா, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. உடனே வா எண்டு கூப்பிட்டிடுவா. எனக்கு இஞ்ச விருப்பமாயிருக்கு. ஆனா இனி அந்த ரோட்டால தனியப் போக ஏலாது போல கிடக்கு."

குனிந்து என் ஜக்கெற்றைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு முன் ஒரு ரயில் இருந்தது. அதில் ஏறிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மிச்சம் ஆறு வாரமும் என் பிள்ளை ஒரு மொட்டைத் தலையனுக்குப் பயந்து நடப்பாள்.

"சாரு, அது நான்தான்."

"என்னது?"

"விசாரிச்சிட்டு வருவம் எண்டு..."

"ஐயோ அப்பா! ஏன் பெல் அடிக்கேல்ல? ஏன் எனக்கு ஒரு மெசேஜ் போடேல்ல? என்ர மானம் போச்சு!" பின்னால் யாரோ பிரெஞ்சில் கேட்க, இவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். "இருந்த இடத்திலயே இருங்கோ. அசையாதேங்கோ. இனி ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காதேங்கோ, விளங்கிச்சோ?"

4.50. ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. பிள்ளைகள் அதில் இல்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இறங்கி, எனக்கு மூன்று மீற்றர் தள்ளி நின்றார். கை நீட்டவில்லை. ஒடில்.

"சாருஜாவின் அப்பா என்று சொல்கிறீர்கள். பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்று ஜேர்மனில் கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். பார்த்தார். முகம் இன்னும் இறுகியது. "குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே."

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் தகப்பனின் பெயர், கதிரவேலு. மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் பெயர், சிவனேசன். எங்கள் வழக்கம் அது. இருபத்துநாலு வருடமாக ஜேர்மன் அலுவலகங்களில் விளங்கப்படுத்தி அலுத்த விஷயம். முகம் வேர்க்க வேர்க்க அங்கேயும் விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. மகளின் பிறந்த திகதி கேட்டார். எந்தச் சாப்பாட்டை அவள் தொடமாட்டாள் என்று கேட்டார். மாட்டிறைச்சி, அத்தோடு காளான் என்றேன். அதற்கும் பிறகு ரெலிபோனில் மகளை வீடியோவில் கூப்பிட்டு, என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

திரையில் சாருஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தாள். "யா. அது என் அப்பாதான்" என்று ஜேர்மனில் சொன்னாள்.

ஒடில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்து, அப்போதுதான் கை கொடுத்தார். இரண்டு வாரமாக எனக்கு நெஞ்சுக்குள் இருந்த இறுக்கம் அந்த இடத்தில்தான் கொஞ்சம் தளர்ந்தது. என்னை நம்பிக்கூட என் பிள்ளையைத் தராத ஒரு பெண்ணிடம்தான் அவள் இருக்கிறாள்.

ஆனால் முழுக்கத் தளரவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஜூலியன் யார்? படிவத்தில் இல்லை."

அவர் கணவருக்கு முதல் கலியாணத்தில் இரண்டு பிள்ளைகள். ஜூலியனுக்குப் பதினேழு, தங்கைக்குப் பதின்மூன்று. ஒரு வாரம் தாயிடம், ஒரு வாரம் இங்கே; திங்கட்கிழமை மாறுகிற நாள். பிரான்சில் பிரிந்து போன பல குடும்பங்கள் இப்படித்தான் நடத்துகின்றன என்றார். படிவத்தில் நிரந்தரமாக இருப்பவர்களை மட்டும் கேட்டார்களாம். இரண்டு பாண் நான்கானதும், பையோடு வந்து போன இளம் ஆட்களும் இதுதான்.

"அவன் எங்கே படுப்பான்?"

கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய் முதலில் யன்னல் மறைப்புகளை ஏற்றினார். வேலைக்குப் போகும்போது இறக்கிவிட்டுப் போவார்களாம். பிறகு மேல்மாடி. பெண்பிள்ளைகளின் அறை ஒடிலும் கணவரும் படுக்கும் அறைக்குப் பக்கத்தில். பையனின் அறை கீழே. பெண்பிள்ளைகளின் கதவைத் திறந்து காட்டினார். சாவி உள்பக்கத்தில் இருந்தது.

"இப்போது நான் கேட்கிறேன்" என்றார் படியிறங்கும்போது. "வசந்த காலத்தில் கிளேர் உங்களிடம் வருவாள். உங்கள் வீட்டைப் பற்றி நான் யாரிடம் விசாரிப்பது?"

"வந்து பாருங்கள்" என்றேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு, ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு. உருளைக்கிழங்கும் முட்டையும் நீளப் பாணும்; பாணைத் தட்டில் வைக்காமல் மேசைத் துணிமேலேயே வைத்தார்கள். ஜூலியன் தங்கையோடும் பையோடும் வந்தான். கன்னம் முழுக்கப் பரு. என் கையைப் பிடித்துவிட்டு, என்னைவிட அதிகமாக வெட்கப்பட்டான். சாருஜா அவர்களோடு பிரெஞ்சில் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் சொல்வது எனக்கு விளங்காமல் நான் இருந்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள். எட்டு மணிக்கு, நிலையத்தடியில் 62 யூரோவுக்கு எடுத்த அறைக்குப் போனேன்.

செவ்வாய், காலை 7.30. விடைபெற மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் போகுமுன் சாருஜா என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எதிர்வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள். "நீங்கள் பயப்பிடுத்தின ஆளிட்ட நீங்களே சொல்லுங்கோ."

"நான் இவளின் அப்பா" என்றேன்.

"பொலிஸைக் கூப்பிட எண்ணை அழுத்திவிட்டேன், பிறகு ஒடிலை முதலில் கேட்போம் என்று நிறுத்தினேன்" என்றார் பெரியவர். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை.

"நன்றி" என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

8.12க்கு ரயில். வழி நெடுக ஒடிலின் கேள்வி என்னோடு வந்தது. எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு அழைப்பு மணி இருக்கிறது. பதினொரு வருடமாக அங்கே இருக்கிறோம். ஒடில் வந்து கீழே நின்று விசாரித்தால் அவருக்கு என்ன பதில் கிடைக்கும்? எங்கள் பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை. படியில் ஆள் வருகிற சத்தம் கேட்டால், அவர் இறங்கும்வரை நான் கதவுக்குள்ளேயே நிற்பேன். ஒரு மொட்டைத் தலையன் வந்து கிளேர் எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டால், யார் துடைப்பத்தைச் சாய்த்து வைப்பார்கள்?

பின்னேரம் மூன்றரைக்கு நொய்கெல்னுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்று, "என்ன, எப்பிடி இடம்?" என்றாள். "நல்ல இடம். பொறு, வாறன்" என்று பையை அவளிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாடிக்கு ஏறினேன். எங்களுக்கு நேர் மேல் வீடு. நடக்கிற சத்தம் மட்டும் தெரியும், ஆளைத் தெரியாது. மணியை அழுத்தினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது. வயதான ஒரு பெண்ணின் பாதி முகம்.

"நான் கீழ் வீடு. பெயர் சிவனேசன். வசந்த காலத்தில் ஒரு பிரெஞ்சுப் பிள்ளை எங்கள் வீட்டில் தங்க வருவாள். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எதற்காக அதை என்னிடம் சொல்கிறீர்கள்?" என்றார் அவர். கதவின் சங்கிலியைக் கழற்றவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.